அச்சு கோணல், அடி மாட்டுக்கு

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். காலை ஏழு மணி பஸ்ஸில் பாதிக்கு மேல் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். கோட்டை பைரவர் சன்னிதி அருகே வேகத்தைக் குறைத்த டிரைவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மறுபடி ஆக்சிலேட்டரை மிதித்தார். இறங்கிய இடத்தில் டீ 12 ரூபாய். கடைச் சுவரில் மாட்டு வண்டி எல்கைப் பந்தய நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பெரிய மாடு போய்வர 8 மைல், சின்ன மாடு போய்வர 6 மைல். ஊரெல்லாம் கிலோமீட்டருக்கு மாறி எத்தனையோ காலமாகிறது, பந்தயம் மட்டும் இன்னும் மைலில்தான் ஓடுகிறது. நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகை, கொடிப் பரிசு என்று வரிசையாகப் போட்டு, அடியில் சிவப்பு எழுத்தில் 'மாட்டைத் துன்புறுத்தக் கூடாது' என்று அச்சடித்திருந்தார்கள்.

நான் பந்தயம் பார்க்க வரவில்லை, வண்டியைப் பார்க்க வந்திருந்தேன். பந்தயம் பற்றிப் பேசுகிறவர்கள் மாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எந்த ஊர்ச் சந்தையில் பிடித்தது, பருத்திக்கொட்டை எவ்வளவு வைக்கிறார்கள், எத்தனை லட்சத்துக்குக் கேட்டார்கள் என்றுதான் பேச்சு போகும். மாடு இழுக்கிற வண்டி நேராக இருக்கிறதா என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

பட்டறை மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே. இரண்டு பக்கமும் தைல மரம், நடுவே செம்மண் பாதை. தகரக் கொட்டகைக்கு முன்னால் நாலைந்து சக்கரங்கள் சாய்த்து வைத்திருந்தன. வட்டைக்கும் ஆரக்காலுக்கும் நாட்டுக் கருவேலம். புதிதாகச் செதுக்கிய குடம் ஒன்று ஈரம் காயாமல் சாக்கு போட்டு மூடியிருந்தது. வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடுமாம். மர வாசனையும் வண்டி மையின் வாசனையும் கலந்து வந்தன. ஆசாரிக்கு அறுபதைத் தாண்டிய வயது. "வாங்க தம்பி, அந்தப் பலகையில உக்காருங்க" என்றவர் கையில் இருந்த வாய்ச்சியைக் கீழே வைக்கவில்லை.

எனக்கு முன்பே அங்கே ஒரு பந்தய வண்டி வந்திருந்தது. உரிமையாளர் பக்கத்து ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும். கூடவே ஒரு சாரதியும், பின்னால் ஏறுகிற பையனும். வண்டி இடது பக்கமாகவே போகிறது, தார் ரோட்டின் ஓரத்துக்கு இறங்கிவிடுகிறது என்பது அவர்களுடைய புகார். காரணத்தையும் அவர்களே முடிவு செய்து வைத்திருந்தார்கள். "இடத்து மாடு இழுக்குதுண்ணே. வண்டியில ஒண்ணுமில்ல. கடையாணி மட்டும் மாத்திக் குடுங்க. இந்த மாட்டை வித்துட்டு வேற பாக்கணும்."

அந்த மாட்டைப் போய்ப் பார்த்தேன். வேப்ப மரத்தில் கட்டியிருந்தார்கள். மயிலை நிறம், நல்ல கட்டு. கழுத்தில் நுகம் உட்காரும் இடம் கோழிமுட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. வலப்பக்க விலாவுக்குக் கீழே, அதாவது நுகத்தையும் வண்டியையும் இணைக்கிற நீள மரமான 'போல்' இருக்கிற உட்பக்கம், கைவிரல் அகலத்துக்கு முடி தேய்ந்து தோல் பளபளத்தது. இடப்பக்கத் தொடையில் வரிவரியாகத் தழும்பு. வலத்து மாட்டின் உட்பக்கத்தையும் குனிந்து பார்த்தேன். அங்கே முடி முழுசாக இருந்தது. மாடு தானாக இடப்பக்கம் ஒதுங்குகிறது என்றால் போலை விட்டு விலகித்தானே போக வேண்டும்? போல் உரசுகிற பக்கம் ஏன் தேய வேண்டும்? உரிமையாளரிடம் கேட்டேன். "அது பழக்கம் சார்" என்று முடித்துவிட்டார்.

கண்ணால் பார்த்துவிடலாம் என்று செம்மண் பாதையில் வண்டியைப் பூட்டச் சொன்னேன். பிடிகயிற்றைத் தளர்த்தி விட்டு நடக்க விட்டார்கள். நூறு அடி போவதற்குள் இடது சக்கரம் பாதையின் புல் விளிம்பைத் தொட்டது. சாரதி வலப்பக்கம் இழுத்தார், பையன் கம்பால் இடத்து மாட்டின் தொடையில் ஒன்று போட்டான். நேராகியது. மறுபடி இடது. மறுபடி அடி. தழும்பு வந்த வழி தெரிந்தது.

"இந்த வண்டியில வேற ஜோடி பூட்டிப் பார்க்கலாமா?" என்றேன். உரிமையாளருக்குப் பிடிக்கவில்லை. ஆசாரி வாய்ச்சியைக் கீழே வைத்தது அப்போதுதான். பட்டறைக்குப் பின்வீட்டில் மணல், சாணம் ஏற்றுகிற பார வண்டி மாடு ஒரு ஜோடி இருந்தது. வயசான, சாதுவான மாடுகள். பந்தயமே அறியாதவை. அவற்றைக் கொண்டுவந்து பூட்டினார்கள். அதே பாதை, அதே தளர்ந்த கயிறு. அதே நூறு அடியில் இடது சக்கரம் புல்லைத் தொட்டது.

யாரும் பேசவில்லை. ஆசாரி மட்டும், "அச்சைப் பாக்கணும்" என்றார்.

வண்டியைப் பட்டறைக்குள் தள்ளினோம். மாட்டை அவிழ்த்துவிட்டால் பந்தய வண்டி எவ்வளவு லேசு என்பது கைக்குத் தெரிகிறது. நான் ஒருவனாகவே போலைத் தூக்கிவிட்டேன். தேக்குப் போல், குறுக்கே ஒரு தெப்பக்கட்டை, அதன் அடியில் இரும்பு அச்சு, மேலே இருவர் குந்துகிற அளவுக்கு ஒரு சட்டம். அச்சைத் தெப்பக்கட்டையோடு பிடித்திருப்பது இரண்டு பக்கமும் ஒவ்வொரு யு போல்ட்டும், முன்னும் பின்னும் அடித்திருக்கும் மர ஆப்புகளும். நாலு சக்கர வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் எதைத் தீர்மானிக்கிறதோ, அதை இங்கே அச்சுக்கும் நுகத்துக்கும் உள்ள தூரம் தீர்மானிக்கிறது. முன் சக்கரங்களின் வேலையை மாடுகள் செய்கின்றன. பின் அச்சு கோணினால் காரில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். இங்கே அந்த ஸ்டீயரிங் மாட்டின் கழுத்து.

அளந்த விதத்தைச் சொல்ல வேண்டும். நுகம் கட்டுகிற இடத்தில், போலின் நடுக்கோட்டில் ஒரு ஆணி. அதில் நூலைக் கட்டி வலப்பக்க அச்சு முனைக்கு இழுத்தார் ஆசாரி. முனையில் விரலால் கிள்ளிப் பிடித்தார். பிடித்த விரலை விடாமல் நூலை அப்படியே இடப்பக்கம் கொண்டுபோனார். நூல் அச்சு முனையை எட்டவில்லை. விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இடைவெளி. நான் கொண்டுபோயிருந்த இரும்பு டேப்பைப் பிடித்துப் பார்த்தேன். வலது 10 அடி 3¾ அங்குலம். இடது 10 அடி 4¼ அங்குலம். இடப்பக்க முனை அரை அங்குலம் பின்னால் இருக்கிறது.

அரை அங்குலம்தானே என்றார் சாரதி. தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டேன். அச்சு முனைக்கு முனை 5 அடி. அதில் அரை அங்குலம் கோணல் என்றால், 10 அடி நீளமுள்ள போலின் முனையில் அது ஒரு அங்குலம் ஆகிறது. சக்கரம் அச்சுக்குச் செங்குத்தாகத்தான் உருளும். இடமுனை பின்னால் இருப்பதால் சக்கரங்கள் போலை விட்டு இடப்பக்கமாகப் பார்க்கின்றன. மாடு நேரே போக நினைத்தாலும் வண்டி இடப்பக்கம் ஒதுங்கி, போலைக் கொண்டுபோய் இடத்து மாட்டின் விலாவில் சாய்க்கிறது. நுகமும் அதே அளவுக்குத் திருகிக்கொண்டு கழுத்தில் உட்காருகிறது. நடையில் மாட்டுக்கு இந்த உரசல் பெரிதாகத் தெரியாது. 8 மைல் ஓட்டத்தில், ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு இடி என்றால் தெரியும். தேய்ந்த முடியும் வீங்கிய கழுத்தும் இந்த அரை அங்குலத்தின் கணக்கு.

அமெரிக்காவில் மண் பாதையில் வட்டமாக ஓடுகிற பந்தயக் கார்களுக்கு இதே கோணலை வேண்டுமென்றே வைப்பார்கள். இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கிற ஓட்டம் என்பதால், ஒரு பக்கத்து முன், பின் சக்கரங்களின் இடைவெளியை மறுபக்கத்தைவிடக் கூட்டியோ குறைத்தோ வைத்துக் கார் தானே திரும்ப உதவி செய்வார்கள். பின் அச்சைப் பிடித்திருக்கும் கம்பிகளின் முனையில் திருகு இருக்கும், அரைச் சுற்று திருகினால் அச்சின் ஒரு முனை முன்னே வரும். அளப்பதற்கு அவர்களும் பெரும்பாலும் காரின் இரு பக்கமும் நூல்தான் கட்டுகிறார்கள். எல்கைப் பந்தயத்தில் நேர் ரோடு, எல்லையில் ஒரே ஒரு திருப்பம், திரும்பவும் நேர் ரோடு. இதில் எந்தக் கோணலுக்கும் நியாயம் இல்லை.

சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. குடத்தின் உயரத்தில், இரண்டு சக்கரங்களின் இரும்புப் பட்டாக்களுக்கும் இடையே முன்பக்கம் அளந்தேன், பின்பக்கம் அளந்தேன். முன்னால் கால் அங்குலம் அதிகம். இது உண்மையானால் சின்ன விஷயமில்லை. மூன்றரை அடி விட்டமுள்ள சக்கரத்தில் கால் அங்குல விரிவு என்றால், 8 மைலில் ஒவ்வொரு சக்கரமும் கிட்டத்தட்ட 38 மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்தபடி போக வேண்டும். அந்தத் தேய்மானம் அத்தனையும் மாடு இழுக்கிற பாரம். அச்சைப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்த வேண்டும், ஒரு நாள் வேலை.

ஆசாரி தலையை ஆட்டினார். "அப்பிடி அளக்கக் கூடாது தம்பி. மரச் சக்கரம் கொஞ்சம் நெளிஞ்சுதான் இருக்கும்." முன்பக்கம் அளந்த அதே இடத்தில் இரண்டு பட்டாவிலும் சாக்பீஸால் புள்ளி வைத்தார். சக்கரங்களை அரைச் சுற்று உருட்டி, அந்தப் புள்ளிகள் பின்பக்கம் வந்ததும் அளக்கச் சொன்னார். வித்தியாசம் இல்லை. கால் அங்குலம் வட்டையின் நெளிவில் இருந்ததே தவிர அச்சில் இல்லை. அச்சு நேர், அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் கோணல்.

காரணமும் கிடைத்தது. இடப்பக்க யு போல்ட்டைக் கழற்றியபோது முன் ஆப்பு முழுசாக இருந்தது, பின் ஆப்பு நசுங்கி நார் நாராக வந்தது. அந்த ஆப்பு வேறு மரம். யாரோ அவசரத்துக்குக் கிடைத்ததை அடித்திருக்கிறார்கள். ஆசாரியின் மகன் கருவேலத்தில் புதிதாகச் செதுக்கினார். இருபது நிமிஷம் ஆயிற்று. இரண்டு தடவை வைத்துப் பார்த்து, எடுத்து, இழைத்து, மறுபடி வைத்தார். பிறகு மரச்சுத்தியால் அச்சு முனையில் முன்பக்கமாக மெதுவாகத் தட்டத் தட்ட, ஆசாரி நூலைப் பிடித்தபடியே "இன்னும்... இன்னும்... போதும்" என்றார். டேப்பில் இரண்டு பக்கமும் 10 அடி 3¾.

நான் அடுத்ததாகக் கேட்டது முன்பாரம். "அதெல்லாம் பூ மாதிரி சார், கழுத்துல பாரமே இல்ல" என்றார் உரிமையாளர். நிலக்கடலை மூட்டை நிறுக்கிற தொங்கு தராசு பட்டறை உத்தரத்தில் மாட்டியிருந்தது. அதில் போலின் நுனியைக் கட்டி, சாரதியையும் பையனையும் ஓட்டத்தில் உட்காருகிற மாதிரியே உட்காரச் சொன்னேன். முள் 14 கிலோவில் நின்றது. சாரதியை முன்னால் சாய்ந்து மாட்டின் வாலுக்குக் கை நீட்டச் சொன்னேன். 20-ஐத் தாண்டியது. பந்தயத்தில் முக்கால்வாசி நேரம் அப்படிச் சாய்ந்துதான் இருக்கிறார்கள்.

பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ்.ராமசாமி மாட்டு வண்டியைச் சீர்திருத்துவதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். நம் வண்டிகளில் நுகம் கழுத்தை அழுத்திப் புண்ணாக்குவதைத் திரும்பத் திரும்ப எழுதியும் பேசியும் வந்தார். அவர் பேசியது பார வண்டியைப் பற்றி. பந்தய வண்டி லேசாக இருப்பதால் அந்தக் கவலை இதற்கு இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் 14 கிலோ நிற்கிற பாரமில்லை, கழுத்தில் குதிக்கிற பாரம்.

அச்சை முன்னே தள்ளினால் முன்பாரம் குறையும். ஆட்கள் இருவரும் சட்டமும் சேர்ந்து ஏறக்குறைய 180 கிலோ, அச்சிலிருந்து நுகத்துக்கு 10 அடி. அப்படியானால் அச்சு ஒரு அங்குலம் முன்னே வந்தால் கழுத்தில் ஒன்றரைக் கிலோ குறைய வேண்டும். ஒரேயடியாகக் குறைத்துவிடவும் முடியாது. பின்பாரம் ஆகிவிட்டால் மேட்டில் ஏறும்போது நுகம் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். அதைவிட முன்பாரமே மேல் என்றார் ஆசாரி. இரண்டு அங்குலம் முன்னே வைப்பது என்று முடிவாயிற்று. இரண்டு பக்கமும் கழற்றி, தெப்பக்கட்டையில் வெட்டு எடுத்து, ஆப்பு மாற்றி, மறுபடி நூல் பிடித்து முடிக்க மதியம் இரண்டரை மணி. தராசு 11 கிலோ காட்டியது. கணக்கும் தராசும் ஒத்துப்போனதைப் பார்த்து ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை, டேப்பை வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

வெயில் தாழ்ந்ததும் செம்மண் பாதைக்குப் போனோம். முதலில் பார வண்டி மாடுகள். பாதையின் நடுவிலேயே போயின. இருநூறு அடிவரை நான் கூடவே நடந்து சக்கரத் தடத்தைப் பார்த்தேன். இரண்டு பட்டா கீறிய கோட்டுக்கும் நடுவே குளம்படிகள் சமமாக விழுந்திருந்தன. பிறகு பந்தய ஜோடி. அவை நேராகப் போகவில்லை. முன்போல் புல்லுக்கு இறங்கவில்லை என்றாலும், இடத்து மாடு தலையைத் திருப்பித் திருப்பி வெளிப்பக்கம் ஒதுங்கியது. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்றார் உரிமையாளர். நிறுத்தச் சொல்லி நுகத்தைத் தூக்கிப் பார்த்தேன். வீங்கிய இடம் சிவந்திருந்தது. கை வைத்ததும் தோல் சிலிர்த்தது. வலிக்கிற கழுத்து வலியை விட்டு விலகப் பார்க்கிறது. அச்சை நிமிர்த்தியதால் அது ஒரு மணி நேரத்தில் ஆறிவிடாது.

பையன் பழக்கத்தில் கம்பை ஓங்கினான். சாரதியே தடுத்தார்.

2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டோடு சேர்த்து மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது, பந்தயக்காரர்கள் எல்லாரும் மாட்டைப் பிள்ளை போல வளர்க்கிறோம் என்றார்கள். அது பொய்யில்லை. இந்த உரிமையாளர் தினமும் எவ்வளவு செலவழிக்கிறார் என்று கேட்டேன், ஒரு ஜோடிக்கு ஐநூறு ரூபாய்க்குக் குறையாது. 2017-இல் தமிழகம் சட்டத் திருத்தம் கொண்டுவந்ததும், 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தமிழகம், கர்நாடகம், மகாராஷ்டிரம் மூன்றின் சட்டங்களையும் ஏற்றதும் எல்லாருக்கும் தெரியும். ஆணி வைத்த தார்க்குச்சி கூடாது என்று 1965-ஆம் ஆண்டின் மத்திய விதிகளே சொல்கின்றன. பந்தயத் திடலில் அதிகாரிகள் கம்பைப் பார்க்கிறார்கள், மாட்டின் உடம்பைப் பார்க்கிறார்கள். ஒரு நூல் கொண்டுவந்து அச்சைப் பார்த்தால் அந்தக் கம்புக்கு வேலையே பாதி குறையும். கால்நடை மருத்துவருக்குப் பக்கத்தில் ஒரு ஆசாரியை நிறுத்த எவ்வளவு ஆகிவிடப்போகிறது? வண்டிக்கு ஐந்து நிமிஷம் போதும்.

பட்டறைக்குத் திரும்பியதும் மறுபடி அளக்கலாம் என்றேன். "இப்பத்தானே அளந்தோம்" என்றார்கள். ஓட்டத்துக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. இடப்பக்கம் ஒரு நூல் அளவு, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒன்று, பின்னால் போயிருந்தது. புது ஆப்பு அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. ஆசாரி அதை இன்னும் இறுக்கி, நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு போட்டு, தெப்பக்கட்டையிலும் அச்சிலும் சேர்த்து உளியால் ஒரு கோடு கீறினார். "கோடு விலகிச்சுன்னா ஓட்டாதீங்க. இங்க கொண்டாங்க." கூலி, ஆப்பு, போல்ட் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். உரிமையாளர் பேரம் பேசவில்லை.

அந்த மயிலை மாட்டுக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போட்டார்கள். பந்தயத்துக்கு இன்னும் நாலு நாள். நுழைவுக் கட்டணம் கட்டியாகிவிட்டது, திரும்ப வராது. விற்கிற பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. போனை எடுத்து அறந்தாங்கிப் பக்கத்தில் யாரையோ அழைத்தார். "மாப்ள, ஒங்கிட்ட எடத்துல போற மாடு ஒண்ணு சும்மா நிக்கிதுல்ல? ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் குடு. என்னுது கழுத்து வலிக்குது, நிறுத்திட்டேன்" என்று பேசிக்கொண்டிருந்தார். ஆசாரியின் மகன் அதற்குள் வெளியே சாய்த்திருந்த அடுத்த வண்டியின் போலில் நூலுக்கு ஆணி அடிக்க ஆரம்பித்திருந்தார்.